கோடு எழுதுறவனுக்கு கரண்ட் பில் வராது

எந்த ப்ரோக்ராமிங் லாங்குவேஜ் எவ்ளோ கரண்ட் எடுக்குதுன்னு காட்டுற ஒரு டேபிள் இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது அது வாட்ஸப் குரூப்ல சுத்தி வந்துடும். சி-க்கு 1, ரஸ்ட்டுக்கு 1.03, ஜாவாவுக்கு 1.98, ஜாவாஸ்கிரிப்டுக்கு 4.45, பைத்தானுக்கு 75.88. ஒரே வேலையைச் செய்ய சி எவ்ளோ கரண்ட் எடுக்குதோ அதைப் போல எத்தனை மடங்கு மத்த லாங்குவேஜ் எடுக்குதுங்கிற கணக்கு, 2017-ல போர்ச்சுகல் ஆராய்ச்சியாளர்கள் போட்ட பேப்பர்ல இருந்து எடுத்தது. அது வந்த உடனே ரஸ்ட் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்குவாங்க, பைத்தான் எழுதுறவன் தலையைக் குனிஞ்சுக்குவான், ரெண்டு நாள் சண்டை ஓடும், அப்புறம் எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிடுவாங்க.

அந்தச் சண்டையே தப்பான எடத்துல நடக்குதுன்னு தான் நான் சொல்லுவேன். அதே டேபிள்ல டைப்ஸ்கிரிப்ட்டுக்கு என்ன நம்பர் போட்டிருக்குன்னு யாரும் பாக்கறதில்ல. 21.50. டைப்ஸ்கிரிப்ட்டை கம்பைல் பண்ணா, அதாவது ஓட்டறதுக்காக மாத்தினா, வர்றது ஜாவாஸ்கிரிப்ட் தானே, ஓடுற இன்ஜினும் ஒண்ணு தான், அப்புறம் எப்படி அஞ்சு மடங்கு வித்தியாசம் வரும்? ஒரு டெஸ்ட் ப்ரோக்ராமை ரெண்டுலயும் வேற வேற மாதிரி எழுதி வெச்சிருந்தாங்க, அந்த ஒண்ணு மொத்த சராசரியையும் இழுத்துடுச்சு. அதாவது எழுதின ஆளோட திறமையையும் சேர்த்து தான் அந்த டேபிள் அளந்திருக்கு. 2024-ல எமரி பெர்கர்ங்கிற அமெரிக்க கம்ப்யூட்டர் பேராசிரியரோட குழு இதைத் திரும்ப நோண்டிப் பாத்துட்டு, லாங்குவேஜுன்னு தனியா ஒரு கரண்ட் செலவு கிடையாது, எவ்ளோ நேரம் ஓடுது, சிபியுல எத்தனை கோர் ஓடுது, மெமரியை எவ்ளோ தட்டுது, இதைப் பொறுத்து தான் எல்லாம்னு சொன்னாங்க. பைத்தான் மெதுவா ஓடும், அதனால அதிகமா எடுக்கும், விஷயம் அவ்ளோ தான்.

இன்னொண்ணு, கடலூர் புதுச்சேரி பக்கம் நம்மள மாதிரி ஆளுங்க எழுதுற சாஃப்ட்வேர் என்னன்னு பாருங்க. ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி டோக்கன், ஜவுளிக்கடை பில்லிங், வெளிநாட்டு கிளையண்டுக்கு ஏதாவது டேஷ்போர்டு. இதுல சிபியு பாதி நேரம் டேட்டாபேஸ் எப்ப பதில் சொல்லும்னு காத்துக்கிட்டு தான் கெடக்கும். இதைப் போய் ரஸ்ட்ல திருப்பி எழுதினா மிச்சமாகுற கரண்ட்டை விட, எழுதறவன் ரூம்ல ஓடுற ஏசி அதிகமா சாப்பிட்டிருக்கும்.

அப்ப கரண்ட் எங்க போகுது? அதுக்கு முன்னாடி ஒரு யூனிட்டுன்னா என்னன்னு பாத்துடலாம், கடலூர் மாவட்டத்துல உக்காந்துக்கிட்டு நெய்வேலியை விட்டுட்டு இதைப் பேச முடியாது. ஒரு யூனிட் கரண்ட்டுங்கறது, அதாவது ஒரு கிலோவாட்-மணி, 860 கிலோகலோரி. நெய்வேலி பழுப்பு நிலக்கரி கிலோவுக்கு 2,600 கிலோகலோரி வாக்குல தான் தரும், ஏன்னா எடையில பாதி ஈரம், அந்த ஈரத்தை ஆவியாக்கவே சூட்டுல ஒரு பங்கு போயிடும். பாய்லர், டர்பைன் எல்லாம் தாண்டி மூணுல ஒரு பங்கு தான் கரண்ட்டா வெளிய வருதுன்னு வெச்சுக்கிட்டா, ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ நிலக்கரி. மனசுல வெச்சுக்க சுலபமான கணக்கு. அந்த நிலக்கரியில ஒரு டன் எடுக்க அதுக்கு மேல இருக்கிற மண்ணை அஞ்சு கன மீட்டருக்கு மேல அள்ளணும், அதுக்குத் தான் அந்த ராட்சச சக்கரம் வெச்ச மெஷின்லாம். கீழ வேற நிலத்தடித் தண்ணி அழுத்தத்தோட நிக்குது, ராத்திரி பகலா பம்ப் போட்டு எறைச்சுக்கிட்டே இருக்கலன்னா சுரங்கத்தோட தரையைப் பொத்துக்கிட்டு வந்துடும். 2023 ஜூலையில வளையமாதேவி பக்கம் சுரங்க விரிவாக்கத்துக்கு வாய்க்கால் வெட்ட, பயிர் நின்ன நெல்லு வயல்ல மெஷின் எறங்கினதை டிவில எல்லாரும் பாத்தோம். நிலம் ஏற்கனவே எடுத்தது தான்னு நிர்வாகம் சொல்லிச்சு, அறுக்கிற வரைக்குமாவது விட்டிருக்கலாமேன்னு ஜனங்க கேட்டாங்க.

இப்ப 10 வாட் எடுக்குற ஒரு சமாச்சாரம் வருஷம் பூரா நிக்காம ஓடுதுன்னு வைங்க. 87.6 யூனிட். கிட்டத்தட்ட 90 கிலோ நிலக்கரி. 100 வாட்டுன்னா 900 கிலோ. உங்க சர்வர் மும்பையில இருக்கலாம், கிரிட்டுங்கிற மின்கம்பி வலையில கலந்துட்டா எது நெய்வேலி கரண்ட், எது கயத்தாறு காத்து கரண்ட்னு பிரிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனா அளவு புரியறதுக்கு இந்தக் கணக்கு போதும்.

எங்க மாமா ஒருத்தர் அனல்மின் நிலையத்துல கண்ட்ரோல் ரூம்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. பொங்கலுக்குப் போனப்ப என்ன வேலை பாக்கறேன்னு விலாவாரியா கேட்டுட்டு, "சரி மாப்ள, உங்க சர்வருக்கு மாசம் எத்தினி யூனிட் ஓடுது?"ன்னாரு. மாசம் எவ்ளோ டாலர் பில்லுன்னு தெரியும், யூனிட் தெரியாது மாமான்னேன். அவரு சிரிக்கக்கூட இல்ல, "அப்ப ஆக்ஸிலரில எவ்ளோ போவுதுன்னும் தெரியாதா?"ன்னாரு. ஆக்ஸிலரின்னா பிளாண்ட் தன்னோட சொந்த உபயோகத்துக்கே எடுத்துக்கிற கரண்ட், பம்பு, ஃபேன், கன்வேயர் இதுக்கெல்லாம். உற்பத்தியில எத்தனை சதவீதம் அதுல போகுதுன்னு ஷிஃப்டுக்கு ஷிஃப்டு எழுதுவாங்களாம், அரை சதவீதம் ஏறினாக்கூட யாராவது வந்து கேள்வி கேப்பாங்களாம். நெல்லிக்குப்பம் சுகர் மில்லுல போய்க் கேட்டாலும் இதே கதை தான், ஒரு டன் கரும்பு அரைக்க எவ்ளோ ஸ்டீம் போகுதுன்னு அங்க இருக்கறவங்க தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஏன்னா சக்கையை எரிச்சு எடுக்கிற அந்த ஸ்டீம்ல மிச்சம் பிடிக்கிறது அவ்ளவும் கரண்ட்டா கிரிட்டுக்கு வித்தா காசு.

இது தான் நான் சொல்ல வர்றது. பில்லு யார் கைக்கு வருதோ அவன் மிச்சம் பிடிப்பான். சாஃப்ட்வேர் தொழில்ல எழுதறவன் கைக்கு அந்த பில்லு வர்றதே இல்ல. ஆப்பா இருந்தா வாங்கினவனோட போன் பேட்டரி கட்டுது, வெப்சைட்டா இருந்தா கிளையண்டோட கிளவுட் கணக்கு கட்டுது, நம்ம கம்பெனி கிளையண்டுகிட்ட ஆளுக்கு மணிக்கு இவ்ளோன்னு தான் காசு வாங்குது. கோட் வேகமா ஓடினா நமக்கு ஒரு பைசா லாபம் கிடையாது, சீக்கிரமா எழுதி முடிச்சா உண்டு. அதனால நம்ம டூல் எல்லாமே எழுதறவனோட நேரத்தை மிச்சம் பண்ற மாதிரி வளந்துச்சு, ஓடுற மெஷினோட நேரத்தைப் பத்தி யாரும் கவலைப்படல. சோம்பேறித்தனம்னு திட்டி பிரயோஜனம் இல்ல, கணக்குப்படி தான் நடந்துக்கறாங்க. மத்திய அரசு 2012-ல பெரிய ஆலைகளுக்கு எரிசக்தி டார்கெட் வெச்சு பேட்னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, அனல்மின், சிமெண்ட், இரும்பு, உரம், ஜவுளி, பேப்பர், அலுமினியம், குளோர்-ஆல்கலின்னு எட்டு துறை. லிஸ்ட்டுல சாஃப்ட்வேர் இல்ல, இருந்திருந்தாலும் எதை வெச்சு அளப்பாங்க?

மீட்டர் கண்ணுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்ங்கறதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 2007-ல இன்டெல்காரங்க லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு பவர்டாப்னு ஒரு சின்ன டூல் விட்டாங்க. ஒவ்வொரு ப்ரோக்ராமும் சும்மா தூங்கிக்கிட்டு இருக்கிற சிபியுவை செகண்டுக்கு எத்தனை தடவை எழுப்புதுன்னு லிஸ்ட் போட்டுக் காட்டும், வேற பெருசா ஒண்ணும் பண்ணாது. அதே நேரத்துல தான் லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலும் டைமர் அடிச்சுக்கிட்டே இருக்காம தூங்கற மாதிரி மாறுச்சு. அந்த லிஸ்ட்டுல தன்னோட ப்ரோக்ராம் பேர் மேல நிக்கிறதைப் பாத்ததும் டெவலப்பருங்க ஒவ்வொருத்தரா வந்து சரி பண்ண ஆரம்பிச்சாங்க. சட்டமும் இல்ல சம்பளமும் இல்ல, பேர் வெளிய தெரிஞ்சது, அது போதுமா இருந்துச்சு. ஜெர்மனியோட ப்ளூ ஏஞ்சல்ங்கிற சுற்றுச்சூழல் முத்திரையை 2022-ல வாங்கின முதல் சாஃப்ட்வேர் கேடிஇ குழுவோட ஒகுலர்ங்கிற பிடிஎஃப் ரீடர், அதுவும் யாரோ உக்காந்து அளந்ததால தான் கெடச்சுது.

நமக்குன்னு இருக்கிற ஒரே மீட்டர் லேப்டாப் பேட்டரி. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறினப்ப 24 மணி நேரத்துல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை, தெருவுல இடுப்பளவு தண்ணி, கரண்ட் எப்ப வரும்னு தெரியாது, மறுநாள் ஒரு டெலிவரி. அன்னிக்கு ஒவ்வொண்ணா மூடிக்கிட்டே பேட்டரி எவ்ளோ நேரம் காட்டுதுன்னு பாத்தேன். முதல்ல டாக்கர் டெஸ்க்டாப், உள்ளுக்குள்ள ஒரு முழு லினக்ஸ் மெஷினையே ஓட்டுற ஆசாமி. அப்புறம் ஆபிஸ் சாட் ஆப். அப்புறம் பிரவுசர்ல தொறந்து கெடந்த டேஷ்போர்டு, அது எல்லா சார்ட்டையும் அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை திருப்பித் திருப்பி வரைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கடைசியில எடிட்டரையும் மூடிட்டு டெர்மினல்ல விம்ங்கிற சின்ன எடிட்டரைத் தொறந்தேன். ஆரம்பத்துல காட்டினதைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நேரம் காட்டிச்சு. செஞ்ச வேலை அதே வேலை தான்.

கம்ப்யூட்டர் ஆப் செய்யறதுக்கு எலக்ட்ரான்னு ஒரு டூல் இருக்கு, அதைத் திட்டறது இப்ப ஃபேஷன், நானும் திட்டுவேன், ஆனா ஏன் வந்துச்சுன்னும் பாக்கணும். 2013-ல ஆட்டம்ங்கிற கோட் எடிட்டருக்காக செஞ்சது, ஒவ்வொரு ஆப்புக்குள்ளயும் ஒரு முழு குரோமியம் பிரவுசரை வெச்சு அனுப்பிடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுக்கும் மூணு டீம் வெக்கிற காசு மிச்சம், மெமரி செலவு வாங்கறவன் தலையில. திரும்பவும் அதே பில் கதை தான். 2015-ல வந்த விஎஸ் கோடுங்கிற எடிட்டரும் இது மேல தான் உக்காந்திருக்கு, அதே அடித்தளத்துல நல்லா எழுதினா எவ்ளோ வேகமா இருக்கும்னு காட்டினதும் அது தான், அதனால பழியை முழுசா எலக்ட்ரான் மேலயே போடவும் முடியல.

இதுல எனக்குப் புடிச்ச ஆளு ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். 1980-கள்ல டர்போ பாஸ்கல்ங்கிற ப்ரோக்ராமிங் டூல் எழுதினவரு, அதோட மூணாவது வெர்ஷன் எடிட்டர் கம்பைலர் எல்லாம் சேர்த்தே 40 கேபி கிட்ட தான், இன்னிக்கு ஒரு குட்மார்னிங் ஃபார்வேர்டு படமே அதை விட பெருசு. அதே மனுஷன் தான் பின்னாடி டைப்ஸ்கிரிப்ட் பண்ணாரு, அதோட கம்பைலரை டைப்ஸ்கிரிப்ட்லயே எழுதினாங்க, வருஷம் போகப் போக அது இழுத்துக்கிட்டே போச்சு. 2025 மார்ச்ல அதை கோ லாங்குவேஜுக்கு மாத்தறோம்னு அறிவிச்சாரு. விஎஸ் கோட்டோட மொத்த கோடையும் சரிபாக்க 77.8 செகண்டு ஆனது 7.5 செகண்டுக்கு வந்துச்சு. பைத்தான் பக்கம் கோட்ல தப்பு தேடற ரஃப், லைப்ரரி இறக்கற யுவி ரெண்டு டூலும் ரஸ்ட்ல வந்து இதே வேலையைப் பண்ணிச்சு. யாரும் கரண்ட்டை மிச்சம் பிடிக்கணும்னு இதைச் செய்யல, டெவலப்பர் காத்திருக்கிற நேரம் காசா தெரிய ஆரம்பிச்சதும் செஞ்சாங்க. கரண்ட் கூடவே மிச்சமாச்சு.

மிச்சமாச்சான்னா, அங்க தான் சந்தேகம். 1865-லயே ஜெவன்ஸ்ங்கிற இங்கிலாந்துக்காரர் சொல்லி வெச்சுட்டாரு, நீராவி இன்ஜின் கம்மி நிலக்கரியில ஓட ஆரம்பிச்சதும் நாடு மொத்தமா எரிக்கிற நிலக்கரி ஏறத்தான் செஞ்சுதுன்னு. எங்க டீம்லயே இதைப் பாத்தேன். டெஸ்ட் ஓட இருபது நிமிஷம் ஆனப்ப ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை தான் தட்டுவோம். அது ரெண்டு நிமிஷம் ஆனதும் ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது கோட்ல ஒரு மாத்தம் சேக்கறப்பல்லாம், ஓடட்டும்னு வெச்சுட்டாங்க, ரீட்மீங்கிற விளக்க ஃபைல்ல ஒரு கமா மாத்தினாக்கூட மொத்த டெஸ்ட்டும் மொதல்ல இருந்து ஓடும், லைப்ரரி எல்லாத்தையும் நெட்ல இருந்து திரும்ப இறக்கும்.

உண்மையான பெரிய ஓட்டை சும்மா கெடக்கிற சர்வர். கூகுள்ல இருந்த பரோசோவும் ஹோல்ஸ்லேவும் 2007-ல எழுதினாங்க, சர்வருங்க பெரும்பாலான நேரம் 10-ல இருந்து 50 சதவீத வேலையில தான் ஓடுது, ஆனா ஒண்ணுமே செய்யாம நின்னாலும் முழு பவர்ல பாதி கிட்ட இழுக்குதுன்னு. அதுக்கப்புறம் ஹார்ட்வேர் நல்லா முன்னேறிடுச்சு, இருந்தாலும் சும்மா நிக்கிறதுக்குன்னு ஒரு செலவு இருக்கத்தான் செய்யுது. இப்ப ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் டெவ் ஒண்ணு, டெஸ்ட் ஒண்ணு, ஸ்டேஜிங் ஒண்ணு, கிளையண்ட் டெமோவுக்கு ஒண்ணுன்னு நிக்குது, சனி ஞாயிறு ராத்திரி எல்லாம் பகல்ல எரியிற தெருவிளக்கு மாதிரி எரிஞ்சுக்கிட்டே கெடக்கும். சாயங்காலம் எட்டு மணிக்கு நிறுத்தி காலைல எட்டுக்குப் போட்டு, சனி ஞாயிறு போடாமலே விட்டா வாரத்துல 168 மணி நேரத்துல 60 தான் ஓடும், ஒரு ஸ்கிரிப்ட் எழுதற வேலை. பைத்தான், ரஸ்ட் சண்டையில இதுல பத்துல ஒரு பங்குகூட மிச்சமாகாது.

அடுத்தது போலிங். ஏதாவது புதுசா வந்துச்சான்னு ஆப்பு அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை சர்வரைக் கேட்டா ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு 17,280 தடவை. பத்தாயிரம் பேர் வெச்சிருந்தா 17 கோடி தாண்டிடும், இதுல 99 சதவீதத்துக்கு மேல வர்ற பதில் ஒண்ணுமில்லைங்கறது தான். போன் பக்கம் இன்னும் மோசம். ஒரு தடவை டேட்டா அனுப்பினா போனோட ரேடியோ உடனே தூங்கப் போகாது, இன்னும் ஏதாவது வருமோன்னு சில செகண்டு முழிச்சுக்கிட்டே இருக்கும். அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை தட்டினா அது தூங்கவே போகாது. புதுசா வந்தா மட்டும் சர்வரே போனுக்குச் சொல்ற புஷ் நோட்டிஃபிகேஷன்னு ஒண்ணு இதுக்காகவே இருக்கு, அதை செட் பண்ண அரை நாள் ஆகும், அந்த அரை நாளை கிளையண்ட் தர மாட்டான்.

ஏஐ பத்தி பேசாம விட்டா விட மாட்டீங்க. ஏஐ ஓட்டற என்விடியாவோட எச்100 ஜிபியு சிப்பு ஒண்ணு 700 வாட் வரைக்கும் எடுக்கும், எட்டு போட்ட ஒரு பெட்டி 10 கிலோவாட் கிட்ட. தன்னோட ஏஐ ஜெமினில ஒரு சாதாரண கேள்விக்கு 0.24 வாட்-மணின்னு கூகுளே 2025-ல சொல்லிச்சு. ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் நல்லா ஓடினா 1.2 யூனிட்டுன்னு வெச்சா அது 5,000 கேள்விக்கு சமம். சித்திரை வெயில்ல திருப்பாதிரிப்புலியூர்ல ஏசி போட்டுக்கிட்டு சாட்பாட்ல கேள்வி கேக்கறவன் கேள்விக்காக குத்த உணர்ச்சி படறது வீண். ஆனா கோட் எழுதற ஏஜெண்டுங்க ஒரு கேள்வியோட நிக்கறதில்ல, தானா ஃபைல் படிச்சு டெஸ்ட் ஓட்டி தப்பு வந்தா திரும்பக் கேட்டு ஒரு வேலைக்கே நூத்துக்கணக்கா அடிக்கும், ஒவ்வொண்ணும் நீளமா இருக்கும். உலகத்துல டேட்டா சென்டர் எல்லாம் சேர்ந்து 2024-ல எடுத்தது 415 டெராவாட்-மணின்னு சர்வதேச எரிசக்தி முகமை கணக்கு, நம்ம பாஷையில 41,500 கோடி யூனிட், மொத்த கரண்ட்டுல ஒன்றரை சதவீதம். தனி மனுஷனுக்கு சின்னது, ஊரா சேந்தா பெருசு, ரெண்டுமே உண்மை. இங்க ஒரு வித்தியாசம் என்னன்னா ஏஐ-ல கரண்ட் செலவு டோக்கன், அதாவது அது படிச்சு எழுதற வார்த்தைத் துண்டு, விலையா நேரா நம்ம பில்லுல வருது. அதனால தான் எங்க மேனேஜர் மொதல் தடவையா "இது எத்தனை தடவை ஓடுது"ன்னு கேக்க ஆரம்பிச்சிருக்காரு.

கரண்ட்டைத் தவிர இன்னொரு செலவு இருக்கு, அதை யாரும் சேக்கறதே இல்ல. ஒரு லேப்டாப் அதோட ஆயுசுல விடற கார்பன்ல பெரும்பகுதி, அது ஃபேக்டரில இருந்து வெளிய வர்றதுக்குள்ளயே ஆயிடும். அதனால பழசை இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டறது தான் பெரிய சேமிப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில போய்ப் பாருங்க, 4 ஜிபி ரேம் போட்ட பழைய ஐ3 மெஷின், ஹார்ட் டிஸ்க் லைட்டு அணையாம எரியும், பரீட்சை அப்ளிகேஷன் போட வந்த புள்ளைங்க வரிசையில நிக்கும், அந்த ஃபார்ம் பக்கம் தொறக்கவே ஒரு யுகம் ஆகும். நாலு பெட்டியும் ஒரு பட்டனும் இருக்கிற ஃபார்முக்கு மெகாபைட் கணக்குல ஜாவாஸ்கிரிப்ட் இறக்கினா அப்படித் தான் ஆகும். "மெஷின் பழசாயிடுச்சு சார், மாத்தணும்"னு கடைக்காரரு சொல்றாரு, மெஷின் வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே தான் இருக்கு. 2025 அக்டோபர் 14-ல விண்டோஸ் 10 சப்போர்ட்டும் முடிஞ்சுது, 11-க்கு டிபிஎம்ங்கிற பாதுகாப்பு சிப் வேணும், அது இல்லாத நல்ல மெஷினெல்லாம் காயலான் கடைக்கு. லினக்ஸ் போட்டா ஓடும், பிரிண்டர் டிரைவரும் டைப்பிங் ஃபாண்ட்டும் சரியா வருமான்னு அவரு கேக்கறாரு, நியாயமான கேள்வி தான்.

கடைசியா நாளைக்கே செய்யக்கூடிய ஒண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்கு ரிப்போர்ட் ஓட்டறது நம்ம தொழில்ல பரம்பரைப் பழக்கம், அப்ப யூசர் இருக்க மாட்டாங்க, சர்வர் ஃப்ரீ. ஆனா கிரிட் பக்கம் இருந்து பாத்தா நிலைமை மாறிப் போச்சு. தமிழ்நாட்டுல மத்தியானம் சோலார் கொட்டுது, நெய்வேலி கம்பெனியே ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல சோலார் வெச்சிருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு காத்தடிக்கிற மாசம் தவிர மத்த நாள்ல பெரும்பாலும் எரியறது நிலக்கரி. கூகுள் 2020-ல இருந்தே அவசரமில்லாத வேலையை கரண்ட் சுத்தமா இருக்கிற நேரத்துக்குத் தள்ளி வெச்சு ஓட்டுது. வெயில் நேரத்துக்கு கம்மி ரேட்டு, எல்லாரும் அதிகமா கரண்ட் எடுக்கிற பீக் நேரத்துக்கு அதிக ரேட்டுன்னு மத்திய அரசு 2023-ல விதியே போட்டுடுச்சு, 10 கிலோவாட்டுக்கு மேல எடுக்கிற கடை, ஆலை எல்லாம் 2024 ஏப்ரல்ல இருந்து அதுக்குள்ள வரணும்னு. உங்க மாநிலத்துல அந்த ரேட்டு நடைமுறைக்கு வந்திருந்தா, ஆபிஸ்லயே சர்வர் ரூம் வெச்சிருக்கறவங்களுக்கு இது நேரா பில்லுல தெரியும்.

பேக்கப்பையும், டேட்டாபேஸைப் பூட்டி வெக்கிற வேலையையும் ராத்திரியே விட்டுடுங்க, பகல்ல கை வெச்சா யூசர் கத்துவான். இமேஜ் சுருக்கறது, பழைய லாக் ஃபைலை அரைக்கறது, வாராந்திர ரிப்போர்ட், மாடல் ட்ரெயினிங், முழு டெஸ்ட் ரன், இதெல்லாம் எப்ப ஓடினா என்ன. குறிச்ச நேரத்துல வேலையை ஓட்டற க்ரான்ல நேரம் மாத்தும்போது சர்வர் யூடிசி-ல, அதாவது உலகப் பொது நேரத்துல, இருக்கான்னு மட்டும் ஒரு தடவை பாத்துக்குங்க, அதுல 6:30-ன்னு போட்டா தான் இங்க உச்சி வெயில் 12 மணி.